அளவு எங்கய்யா போட்டிருக்கு? ஆன்லைன் ஓவியக் கண்காட்சி பார்க்கிறவங்களுக்கு

வணக்கம் மக்களே! தென்னாப்பிரிக்கா டர்பன் ஊர்ல இருந்து நான்தான். இன்னிக்கு சூடாத்தான் பேசப்போறேன், காபியோட உக்காருங்க.

ஆகஸ்ட் வந்தாச்சு. 1956 ஆகஸ்ட் 9 அன்னிக்கு ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுல இருக்கிற யூனியன் பில்டிங்ஸ்ங்கிற அரசாங்கத் தலைமையகத்துக்கு ஊர்வலம் போனாங்கல்ல, அதனால நமக்கு மாசம் முழுக்கப் பெண்கள் மாசம். கேலரிக்காரங்களும் வரிசையா 'இன்றைய பெண் கலைஞர்கள்'னு ஆன்லைன் கண்காட்சி திறக்கிறாங்க. ரொம்ப சந்தோஷம். நேத்து ஒண்ணு பார்த்தேன், பேர் சொல்லமாட்டேன். தேர்வு அருமை. ஆனா ஒரு படத்துக்குக்கூட அளவு போடலைங்க! தலைப்பு இருக்கு, வருஷம் இருக்கு, 'விலைக்கு அணுகவும்' இருக்கு. எத்தனை சென்டிமீட்டர்? மூச்!

அளவு இல்லாட்டி என்ன குடியா முழுகிடும்னு கேப்பீங்க. முழுகும். திரையில எல்லாப் படமும் ஒரே சைஸ். நம்ம தென்னாப்பிரிக்கக் கலைஞர் மேரி சிபாண்டேவோட சோஃபி தெரியும்ல? கண்ணை மூடிக்கிட்டு, வீட்டு வேலைக்காரங்க போடுற நீல உடுப்பை விக்டோரியா காலத்து ராணி கவுன் மாதிரி விரிச்சு நிக்கிற உருவம். அது ஆள் உயரச் சிற்பம், சிபாண்டேவோட சொந்த உடம்புல வார்ப்பு எடுத்தது. 2010-ல ஜோகன்னஸ்பர்க் கட்டடச் சுவர்கள்ல சோஃபி படத்தை மாடி மாடியா உயரத்துக்கு ஒட்டினாங்க. போன்ல பார்த்தா விரல் அளவு பொம்மை. அந்தப் பாவாடையோட அகலம்தான் சங்கதியே, அது உங்க முன்னால இடத்தை அடைச்சுக்கணும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. அளவு போட்டிருந்தா, ஓவிய உலகத்துல முதல்ல உயரம், அப்புறம் அகலம், சிற்பம்னா மூணாவதா ஆழம். 140 × 110னா நெட்டையான படம். பிரேம் கடைக்காரங்க சிலர் இதைத் திருப்பிச் சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க. மாஸ்கிங் டேப் எடுத்து வீட்டுச் சுவத்துல அந்த அளவுக்கு நாலு பக்கமும் கோடு மாதிரி ஒட்டுங்க. படத்தோட நடு மையம் தரையில இருந்து 150 சென்டிமீட்டர் வாக்குல இருக்கட்டும், கேலரியிலயும் சுமாரா அப்படித்தான் மாட்டுவாங்க. டேப் ஒட்டின இடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு திரையைப் பாருங்க. சும்மா பார்த்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்தது ஜூம். கணக்கு வாத்தியார் மாதிரி பேசறேன்னு கமென்ட் போடாதீங்க, எங்க ஊர் சாட்ஸ்வர்த் பகுதி அத்தைமார்களே! கம்ப்யூட்டர்ல படத்துமேல ரைட் கிளிக் பண்ணி பிரவுசர்ல தனி டேப்ல திறங்க. டேப் தலைப்புலயே பிக்சல் எண்ணிக்கை வரும். அகலம் 1200 பிக்சல், அசல் படம் 2 மீட்டர் அகலம்னு வைங்க. ஒரு சென்டிமீட்டருக்கு ஆறே ஆறு பிக்சல். 3 மில்லிமீட்டர் தையலுக்கு ரெண்டு பிக்சல்கூடத் தேறாது. அதுல என்னத்தப் பார்க்கிறது? 6000 பிக்சல் கொடுத்தா சென்டிமீட்டருக்கு 30, அப்போ நூல் எங்க உள்ள போகுது, எங்க வெளிய வருதுன்னு தெரியும்.

இதுல அடி வாங்குறது யாருன்னா, பில்லி ஸாங்கேவா மாதிரி ஆளுங்க. மலாவியில பிறந்து ஜோகன்னஸ்பர்க்ல இருக்கிறவங்க, பட்டுத் துண்டுகளைக் கையால தைச்சு வீட்டுக் காட்சிகளைப் படமா ஆக்குறாங்க. ஓரம் நேரா இருக்காது, மூலையில ஒரு துண்டே காணாம இருக்கும், வேணும்னே விட்டது. நேத்து பார்த்த கண்காட்சியில ஒருத்தங்களோட துணி வேலையை ஓரத்தோட சதுரமா வெட்டி போட்டிருந்தாங்க, கடுப்பாயிடுச்சு. பட்டுல இன்னொரு தொல்லை. நீளவாட்டுல ஓடுற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடுற ஊடு நூல் ஒரு நிறம்னா நம்ம மயில்கழுத்துப் புடவை மாதிரி, நகர நகர நிறம் மாறும். கேமரா ஒரே இடத்துல நின்னு ஒரே நிறத்தைப் பிடிக்கும். பட்டு வேலைக்கு ஒரு படம் பத்தாது. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல இருந்து ஒண்ணு, பத்து செகண்ட் வீடியோ ஒண்ணு, இதுதான் குறைஞ்சபட்சம்.

அதே மாதிரி ஓவியர் பென்னி சியோபிஸ். 1980-கள் தொடக்கத்துல கேக் ஓவியங்கள் பண்ணாங்க, கேக் மேல ஐசிங் பிழியுற முனை இருக்குல்ல, அதுலயே எண்ணெய் வண்ணத்தைப் பிழிஞ்சு. அவ்வளவு தடியா வெச்சா மேல்தோல் முதல்ல காயும், உள்ள ஈரம் நிக்கும், வருஷம் போகப் போக மேல சுருங்கி வெடிக்கும். நேர் வெளிச்சத்துல எடுத்த போட்டோவுல அது தட்டையாத் தெரியும். சுவரை ஒட்டி, 10, 15 டிகிரியில பக்க வெளிச்சம் அடிச்சு ஒரு குளோசப் எடுத்தாத்தான் மேடு பள்ளம் நிழல் விழும். அந்த குளோசப் போடாத கேலரிக்கு மெயில் போட்டுக் கேளுங்க, வெக்கப்படாதீங்க.

அட, முக்கியமானதை விட்டுட்டேன் பாருங்க! இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி போன்ல நைட் மோடை அணைங்க. கண்ணுக்கு இதமா மஞ்சள் பூசுற மோடு, அது நீலத்தைத்தான் வெட்டும். சிபாண்டேவுக்கே திரும்பி வரேன். 2013-ல அவங்க நீலத்தை விட்டு ஊதாவுக்கு வந்தாங்க. 1989-ல கேப் டவுன்ல நிறவெறிக்கு எதிரா போராடினவங்க மேல போலீஸ் ஊதாச் சாயத் தண்ணி அடிச்சாங்களே, அந்த ஊதா. நைட் மோடுல அது மரவட்டை நிறத்துக்குப் போயிடும், அர்த்தமே போச்சு. 'விவிட்'னு ஒரு டிஸ்ப்ளே மோடு இருக்கும், அதுவும் வேணாம், 'நேச்சுரல்' வைங்க.

கண்காட்சிப் பக்கத்தைத் திறந்ததும் தானா ஓடுற இசைக்கும் எனக்கும் ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அதோட இப்போ இந்த முப்பரிமாண ஹால்! அம்புக்குறியை அமுக்கி அமுக்கி நடந்து போய், தூண்ல முட்டி, டேட்டாவும் தீர்ந்து, கடைசியில படம் மங்கலா. அதுக்குள்ள எல்லாப் படத்தையும் வரிசையாக் காட்டுற 'லிஸ்ட் வியூ'ன்னு சின்னதா ஒரு பட்டன் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், தேடிப் பிடிங்க.

திரைக்கு நல்லா ஒத்துவர்றவங்களும் இருக்காங்க. எஸ்தர் மஷ்லாங்கு, 1991-ல பிஎம்டபிள்யூ காருக்கு, தென்னாப்பிரிக்க இண்டெபெலே மக்களோட கோலம் போட்டவங்க. சின்னப் படத்துலயே பளிச்சுனு நிக்கும். ஆனா அங்கயே நிறுத்திட்டா கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு நினைச்சுடுவீங்க. ஸ்கேல் வெக்காம கோழி இறகால இழுத்த கோடு அது. கறுப்புக் கோட்டோட ஓரத்தை ஜூம் பண்ணுங்க, வண்ணம் தீர்ந்து மறுபடி தொட்டு இழுத்த இடம் லேசா தடிச்சிருக்கும். அய்யோ, எனக்கு அதுதான் பிடிக்கும்!

விலை. 48,000 ரேண்ட்னு (எங்க ஊர்ப் பணம்) சொன்னா வாட் வரி சேர்த்தா சேர்க்காமலான்னு முதல் கேள்வி, 15 சதவீதம்னா 55,200 ஆயிடும். பிரேம் உண்டா, கேன்வாஸ் சுருட்டிக் குழாய்ல வருமா மரச்சட்டத்தோட வருமா, அனுப்புற செலவு, இன்ஷூரன்ஸ் யார் தலையில. தடியா வண்ணம் வெச்சதைச் சுருட்ட விடாதீங்க, வெடிச்சிடும். பிரின்ட்னா எத்தனையாவது பிரதி, மொத்தம் எத்தனை, கையெழுத்து இருக்கான்னு எழுதி வாங்குங்க. பிரதி தீரத் தீர விலையை ஏத்துறது வழக்கம், அதனால விசாரிச்ச தேதியோட மெயிலை அழிக்காம வைங்க.

அளவு கேட்டு அந்த கேலரிக்கு நான் மெயில் போட்டாச்சு. பதில் வந்தா பின் பண்ணின கமென்ட்ல போடுறேன்.