வயிறும் வம்சமும்

அனைவருக்கும் வணக்கம். வெளியூர் கிளம்பினால் பஸ் ஏறுவதற்கு முன்பே கழிப்பறை எங்கே என்று தேடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம்! ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று, "ஒன்றுமில்லை" என்று அனுப்பியும் விட்டார்கள். ஆனால் வலி பொய்யில்லை. இதைத்தான் ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்கிறோம்; வயிற்று வலியோடு மலம் போகும் பழக்கமும் மாறிப்போகும் குடல் தொந்தரவு. "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் டாக்டர், பரம்பரையா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

2001இல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கும் இருந்தது சுமார் 17 சதவீதம். இரு கருமுட்டை இரட்டையரில் 8 சதவீதம். ஜீன் முழுக்க ஒத்திருக்கிற முதல் ரகத்துக்குத்தான் அதிகம்; சரி, ஜீனுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நோயுள்ள இரு கருமுட்டை இரட்டையரில், கூடப் பிறந்தவருக்கு இருந்ததைவிட அம்மாவுக்கு இருந்தது சுமார் இரண்டு மடங்கு, அதாவது 15 சதவீதம். அம்மாவோடும் பாதி ஜீன், கூடப் பிறந்தவரோடும் பாதி ஜீன். ஜீன் மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போயிருக்க வேண்டாமா? வயிற்று வலி வந்தால் என்ன செய்வது, எவ்வளவு பயப்படுவது என்பதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் பார்த்துத்தான் பழகுகிறார்கள். இதற்கும் அம்மாவின் தலையை உருட்டிவிடாதீர்கள்!

2021இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசியதில் ஐ.பி.எஸ்.ஸோடு தொடர்புடைய ஆறு இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் சில, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடும் தொடர்புடையவை. 'மனசுதான் காரணம்' என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டுக்கும் வேர் ஓரளவு பொது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எஸ்.சி.என்.5ஏ கதை. இதயத் துடிப்புக் கோளாறுகளில் இதய மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான ஜீன் இது. குடல் தசையிலும் வேலை செய்கிறது. 2014இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழு பார்த்தபோது, ஐ.பி.எஸ். நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் இதில் பிழை இருந்தது. மலச்சிக்கலால் அவதிப்பட்ட அப்படி ஒருவருக்கு மெக்சிலெடின் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள். மலச்சிக்கல் குறைந்தது!

உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். அது அந்த ஒருவருக்கு, டாக்டர் மேற்பார்வையில் கொடுத்தது. ஐ.பி.எஸ்.ஸுக்கென்று ஜீன் டெஸ்ட் எடுப்பதும் இப்போதைக்கு வீண் செலவு. குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா என்பதை மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.