பைசன் யார் நிலத்தில் மேய்கிறது?

அவையோருக்கு வணக்கம். கால்நடை மருத்துவமும் வனவியலும் படிக்கிற பிள்ளைகள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். கொடைக்கானல் சாலையில் வண்டியை மறித்துக்கொண்டு நிற்குமே, அந்தக் காட்டுமாட்டைப் பற்றி நான் பேச வரவில்லை. நான் சொல்லப்போகிற பைசன் வட அமெரிக்கப் புல்வெளியின் விலங்கு. முகமெல்லாம் சடை, தோளில் பெரிய மேடு, வளர்ந்த காளை 900 கிலோ வரை வரும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

பழங்குடிகளின் பைசன் மந்தைகளில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி நில வேலை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை யாரிடம், எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்பதில்தான் காலம் போகிறது. மாடு அப்புறம்தான்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியர் வருவதற்கு முன் அந்தப் புல்வெளிகளில் மூன்று கோடி பைசன் இருந்தது என்பார்கள், ஆறு கோடி என்பவர்களும் உண்டு. 1889ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது, காட்டில் இருந்தது, அடைத்து வைத்திருந்தது எல்லாம் சேர்த்து 1,091. ஆலை எந்திரங்களுக்குப் பெல்ட் செய்ய அதன் தோல் போனது, ரயில் வந்தது, துப்பாக்கி மலிந்தது. இவை மட்டும் காரணம் என்றால் பேராசை என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் 1873ல் அமெரிக்க உள்துறைச் செயலர் கொலம்பஸ் டெலானோ, பழங்குடிகள் மீது உண்டாகும் விளைவைக் கருதினால், பைசன் அடியோடு மறைந்தாலும் தனக்குப் பெரிய வருத்தம் இருக்காது என்று ஆண்டறிக்கையிலேயே எழுதினார். சோற்றுப் பானையை உடைத்துவிட்டால் சண்டை போட ஆள் இருக்காது என்ற கணக்கு.

இனி மான்டானா மாநிலத்தின் ஃபிளாட்ஹெட் பகுதிக்கு வருவோம். சேலிஷ், கூட்டெனாய், பெண்ட் ஓரே மக்கள் வாழும் ஒதுக்கீட்டுப் பகுதி, அதாவது பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலம், அது. மந்தைகள் அழிந்துகொண்டிருந்த 1870களில், மலைக்குக் கிழக்கே தாயை இழந்து நின்ற சில கன்றுகளைத் தங்களவர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. அந்தக் கன்றுகள் பெருகின. 1884ல் மிஷெல் பாப்லோ, சார்லஸ் ஆலார்டு என்ற இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரு டஜன் அளவுக்கு அவற்றை வாங்கினார்கள். பாப்லோவின் தாய் பிளாக்ஃபீட் இனத்தவர். வேலியில்லாத பொது மேய்ச்சல் நிலத்தில் அந்த மந்தை நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. கண்டம் முழுக்க ஆயிரத்துச் சொச்சமே மிஞ்சிய நேரத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

1904ல் ஒரு சட்டம் வந்தது. ஒதுக்கீட்டுப் பகுதியைத் துண்டு போட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது, மிச்சத்தை வெளியாருக்குத் திறந்துவிடுவது. பொது மேய்ச்சல் போய்விட்டது. பாப்லோ மந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லி அமெரிக்க அரசைக் கேட்டார், அது வாங்கவில்லை. கனடா வாங்கியது. 1907 முதல் 1912 வரை குதிரை வீரர்கள் விரட்டிப் பிடித்து, ரயிலில் ஏற்றி, ஏறத்தாழ 700 பைசன்களை வடக்கே அனுப்பினார்கள்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1908ல், அதே ஃபிளாட்ஹெட் மக்களின் நிலத்தின் நடுவில் சுமார் 18,800 ஏக்கரை எடுத்து, 'தேசிய பைசன் புலம்' என்று பெயர் வைத்து, பைசனைக் காப்பாற்றப் போகிறோம் என்று அறிவித்தார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். அங்கே கொண்டுவந்து விட்ட மாடுகள் பெரும்பாலும் பாப்லோ, ஆலார்டு மந்தையின் வழிவந்தவை. அதாவது, அவர்கள் காப்பாற்றிய விலங்கைக் காப்பதற்காக அவர்கள் நிலத்தைப் பறித்தார்கள். அந்த நிலத்தை எடுத்தது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1971ல் நீதிமன்றமே சொன்னது. நிலம் மட்டும் திரும்பவில்லை. 2020 டிசம்பரில் சட்டம் போட்டுத்தான் திருப்பித் தந்தார்கள். 2022லிருந்து அந்தப் புலத்தை முழுக்க நடத்துவது பழங்குடி அரசு. இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றை எழுதும்போது ரூஸ்வெல்ட் படத்தை முதல் பக்கத்தில் போடுகிறார்கள். பாப்லோ படத்தைப் போட வேண்டிய பக்கம் அது என்பது என் கட்சி.

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன். பைசனுக்குக் கொட்டகை வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி போனாலும், தலையை இப்படியும் அப்படியும் வீசிப் பனியை விலக்கிப் புல்லைத் தின்னும். கன்று ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கும், செம்பட்டை நிறத்தில். ஈற்றுக்கு நீங்கள் உதவப் போகக் கூடாது, போனால் தாய் உங்களை முட்டித் தூக்கிவிடும். வால் மேலே விறைத்தால் பின்வாங்குவதுதான் பாடம்.

வேலிதான் பெரிய செலவு. ஐந்தடி உயரத்தைத் தாண்டும் விலங்கு என்பதால் வேலி அதற்கு மேலே இருக்க வேண்டும். அதே சமயம் அடிக்கம்பியை முள் இல்லாமல், தரையிலிருந்து சற்றுத் தூக்கிக் கட்டுவார்கள். ப்ராங்ஹார்ன் என்று மான் போன்ற ஒரு விலங்கு அங்கே உண்டு, அது வேலியைத் தாண்டாமல் அடியில் நுழைந்து போகும். முந்தைய குத்தகைதாரர்கள் விட்டுப்போன பழைய முள்கம்பியை மைல் கணக்கில் சுருட்டி எடுப்பதும் ஒரு வேலை. யாரும் படம் பிடிக்காத வேலை.

இலையுதிர் காலத்தில் மந்தையைப் பட்டிக்குக் கொண்டுவருவார்கள். காது வில்லை, தடுப்பூசி, ரத்த மாதிரி எல்லாம் அப்போதுதான். நம் மருத்துவமனைகளில் ட்ராவிஸில் பசுவை நிறுத்துவது போல இங்கேயும் இரும்புச் சட்டம் உண்டு. ஆனால் பசுவைப் போல நிற்காது. கத்தினால், அவசரப்படுத்தினால் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் வாயைத் திறக்காமல் வேலை செய்வார்கள்.

புல்வெளிக்கு இதனால் என்ன லாபம் என்று வனவியல் பிள்ளைகள் கேட்பீர்கள். பைசன் புழுதியில் புரண்டு பள்ளம் பறிக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், தவளை வரும், வேறு செடி முளைக்கும். கான்சாஸின் கோன்சா புல்வெளியில் ஏறத்தாழ முப்பது ஆண்டு நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. பைசன் மேய்ந்த இடத்தில் சிறு பரப்பில் கணக்கிட்ட நாட்டுத் தாவர வகைகள் இரட்டிப்பாகியிருந்தன, கடும் வறட்சிக்குப் பிறகும் அது குறையவில்லை. கனடாவின் சஸ்கட்டூன் அருகே வானுஸ்கெவின் என்ற இடத்துக்கு 2019ல் பைசன் திரும்பியது. அடுத்த ஆண்டு அவை புரண்ட இடத்தில் மண் விலகி, பழங்காலப் பாறைச் செதுக்கல்கள் வெளியே வந்தன. தொல்லியல் துறைக்குக்கூட ஆள் சேர்த்துவிடுகிறது இந்த மாடு!

நோய் விஷயத்தில் அரசியல் உண்டு. புருசெல்லோசிஸ், நம் கன்று வீச்சு நோய், ஐரோப்பிய மாடுகளோடு அமெரிக்காவுக்கு வந்தது. யெல்லோஸ்டோன் பூங்காவின் பைசனுக்கு அது உண்டு என்பதால், வெளியே வருபவற்றைப் பல காலம் கொன்றும் அடைத்தும் வந்தார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் பண்ணை மாடுகளுக்குப் பரவியது எல்க் மான்களிடமிருந்துதான் என்று ஆய்வுகள் காட்டின. எல்க் வேலியின்றித் திரிகிறது, வேட்டைக்காரர்களுக்கு அதன்மேல் பிரியம் அதிகம். இந்தச் சூழலில் ஃபோர்ட் பெக் பகுதியின் அசினிபோயின், சூ மக்கள் தனிமைப்படுத்தும் கொட்டடிகள் கட்டினார்கள். 2019லிருந்து, பரிசோதனையில் தேறிய யெல்லோஸ்டோன் பைசன்கள் அங்கே தங்கி, பிறகு மற்றப் பழங்குடிகளுக்குப் போகின்றன. பகிர்ந்தளிப்பது பழங்குடிகளின் எருமைக் கூட்டமைப்பு (பைசனை அங்கே எருமை என்றும் சொல்வார்கள்), எண்பதுக்கும் மேற்பட்ட பழங்குடிகள் அதில் உறுப்பினர்கள்.

மறுபடி நிலத்துக்கு வருகிறேன், கோபிக்காதீர்கள். 1887ன் டாஸ் சட்டம் பொது நிலத்தைத் தனித் துண்டாக்கியது. தலைமுறை போகப் போக ஒரு துண்டுக்கு நூறு வாரிசு. நம்மூர்க் கூட்டுப் பட்டா தெரிந்தவர்களுக்கு அதன் தலைவலி புரியும். யாராலும் ஒன்றும் செய்ய முடியாமல் வெளியார் பண்ணைகளுக்குக் குத்தகைக்குப் போகும். தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் சூ மக்கள் 2020ல் அப்படிப்பட்ட ஒரு பரப்பை, சுமார் 28,000 ஏக்கர், தங்கள் கைக்குக் கொண்டுவந்து வோலகோட்டா என்ற மேய்ச்சல் நிலமாக்கினார்கள். அந்த ஆண்டே முதல் நூறு பைசன் இறங்கியது. குத்தகை ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே கால்நடை மருத்துவர் அளவுக்கு முக்கியம்.

அறுப்பார்களா என்று கேட்கத் தயங்குகிறீர்கள். அறுப்பார்கள். பல இடங்களில் மேய்ச்சல் நிலத்திலேயே ஒரே குண்டு, முன்னதாக வழிபாடு. இறைச்சி முதியவர்களுக்கும் பள்ளி மதிய உணவுக்கும் போகும். பார்த்து ரசிப்பதற்கு மட்டும் அவர்கள் மந்தையை மீட்கவில்லை.

கடைசியாக பிளாக்ஃபீட் மக்கள். பாப்லோவிடம் வாங்கிய மாடுகளின் வழிவந்த 87 கன்றுகள் 2016ல் கனடாவின் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து அவர்களிடம் வந்தன. 2023 ஜூனில் அந்த மந்தையில் ஒரு பகுதியை, சீஃப் மலை அருகே வேலியில்லாமல் திறந்துவிட்டார்கள். மேற்கே கிளேசியர் பூங்கா, வடக்கே கனடா எல்லை. பழங்குடி நிலத்தில் நிற்கும்வரை அது அவர்களுடையது, பூங்காவுக்குள் போனால் காட்டு விலங்கு, பக்கத்துப் பண்ணைக்குள் நுழைந்தால் பயிரை மேய்ந்த மாடு. ஒரே மாடு ஒரே வாரத்தில் இந்த மூன்றுமாக இருக்கலாம். அப்போது பண்ணைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசப் போகிறவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.