வாயு இருக்கிறது, வருமா?

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் ஒயிட்ஹேவன் என்றொரு துறைமுக ஊர். அங்கே கடலுக்கு அடியில் பல கிலோமீட்டர் போய் நிலக்கரி வெட்டினார்கள். கடைசியாக இயங்கிய ஹெய்க் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. சுரங்கம் மூடிய இப்படிப்பட்ட கரைகளில் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: கரியைத்தான் விட்டோம், அதற்குள் இருக்கும் மீத்தேன் வாயுவையாவது எடுக்கலாமா?

வாயு இருக்கிறதா என்று அந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1729-இல் கடலிலிருந்து இருபது கஜத்தில் சால்ட்டம் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டும்போதே வாயு பீறிட்டது. குழாய் வைத்து மேலே விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஓயாமல் வந்தது. முதலாளி சர் ஜேம்ஸ் லௌதர் அதை விலங்குகளின் சிறுநீர்ப்பைகளில் அடைத்து லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே கொளுத்திப் பார்த்தார்கள், எரிந்தது. அந்த அறிக்கை 1733-இல் அச்சேறியது.

அந்தச் சுரங்கங்களின் மேலாளர் கார்லைல் ஸ்பெடிங். சுடர் விளக்கு ஆபத்து என்று அவர் ஒரு கருவி செய்தார்: பல்சக்கரத்தால் எஃகுத் தட்டைச் சுழற்றி, அதில் சிக்கிமுக்கிக் கல்லை அழுத்துவது. பறக்கும் பொறிதான் வெளிச்சம். பொறியின் நிறம் மாறினால் வாயு கூடியிருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். 1755-இல் சுரங்க வெடிப்பில் ஸ்பெடிங்கே மாண்டார். 1910-இல் வெலிங்டன் சுரங்கத்தில் 136 பேர். வில்லியம் சுரங்கத்தில் 104 பேர். அது நடந்த தேதி 1947 ஆகஸ்ட் 15. நாம் கொடியேற்றிக்கொண்டிருந்த அதே நாள்.

இத்தனை வாயு உள்ள இடத்தில் துளை போட்டால் கொட்டாதா என்றுதான் தோன்றும். பங்கு விற்க வருகிறவர்களும் அதையே சொல்வார்கள். நான் அதை ஒப்பவில்லை.

மீத்தேன் நிலக்கரியில் குமிழியாகத் தங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீரின் அழுத்தம் அதை அங்கேயே பிடித்துவைக்கிறது. துளையிட்டு நீரை இறைக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறைய வாயு பிரிந்து, கரியில் இயல்பாக ஓடும் மெல்லிய வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வரும். மாதக்கணக்கில் வெறும் தண்ணீர்தான் வரும், பிறகுதான் வாயு. வெடிப்புகள் இறுகியிருந்தால் எவ்வளவு இறைத்தும் பயனில்லை. பிரிட்டன் நிலக்கரியின் பெரிய குறையே இதுதான். ஸ்காட்லாந்தின் ஏர்த் பகுதியில் 1990-களிலேயே துளையிட்டார்கள். பெரிய அளவு உற்பத்தி கைகூடவில்லை.

அப்படியானால் கரி வெட்டிய சுரங்கங்களில் மட்டும் அவ்வளவு வாயு எப்படி வந்தது? வெட்டிய இடத்தில் மேற்கூரை சரிந்து, மேலும் கீழும் பாறை பிளந்து, வாயுவுக்கு மனிதனே வழி திறந்துவிட்டான். நாலு அங்குலத் துளை அந்த வேலையைச் செய்யாது. போதாக்குறைக்கு, வெட்டிய அடுக்குகளின் அக்கம்பக்கத்தில் இருந்த வாயு எப்போதோ வெளியேறிவிட்டது. ஆகவே தேடுகிறவன் வெட்டாத கரியைத்தான் தேட வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துளையில் வெட்டியெடுத்த கரித்தண்டை மேலே இழுத்தவுடன் மூடிய உலோகக் குப்பியில் போட்டு, நிலத்தடி வெப்பத்திலேயே வைத்து, வெளிவரும் வாயுவை அளவு உருளையில் குறித்துக்கொண்டே வருவார்கள். மேலே வரும் வழியில் போனது எவ்வளவு என்பது மட்டும் கணக்குத்தான். இழுக்கத் தாமதமானால் அந்தக் கணக்கின் பங்கு பெருகும். மொத்த எண்ணின் மேல் நம்பிக்கை குறையும். நிறுவனம் ஒரு தொகையைச் சொன்னால், அளந்தது எவ்வளவு, கணித்தது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை பழைய வரைபடங்கள்தாம். சுரங்கத்தைக் கைவிட்டால் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது 1872-இல். சால்ட்டம் தொடங்கி அதற்குள் நூற்று நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய சுரங்கக் குகையில் துளை இறங்கினால், இறைப்பது கரியின் நீரை அல்ல, வெள்ளம் நிரம்பிய சுரங்கத்தை. அதற்கு முடிவே கிடையாது; அழுத்தமும் இறங்காது. பிரிட்டனில் மீத்தேன் எடுக்க அரசிடம் ஓர் உரிமம், கரியைத் துளைக்கத் தனி அனுமதி, நிலத்துக்கு உள்ளாட்சி ஒப்புதல் என்று பல படிகள் ஏற வேண்டும். அந்தப் படிகளில் ஏதாவது ஒன்றில் இந்த வரைபடக் கேள்வியை யாராவது அழுத்திக் கேட்டாக வேண்டும்.