துப்பறியும் கதை போங்காட்டம் ஆடியதா? படிப்பதும் விமர்சிப்பதும் எப்படி

ஒரு துப்பறியும் நாவலை முடித்ததும் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கொலைகாரன் யாருன்னு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டியா?" கண்டுபிடித்துவிட்டால் கதை சுமார், கோட்டைவிட்டால் கதை பிரமாதம் என்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். இந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கவே இல்லை. வாசகரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். அதுவரை கதையிலேயே இல்லாத ஒரு சித்தப்பாவைக் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து, இவர்தான் கொன்றார் என்று எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாத் துப்பையும் நம் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்படியும் நம்மைக் கோட்டைவிட வைப்பதுதான் கஷ்டமான வேலை. அதனால் விமர்சனம் எழுதுகிறவர் முதலில் பார்க்கவேண்டியது, எழுத்தாளர் நேர்மையாக ஆடினாரா, போங்காட்டம் ஆடினாரா என்பதைத்தான்.

அதை எப்படிப் பார்ப்பது? ஒரு கதையைப் பிரித்துக் காட்டுகிறேன். ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'சில்வர் பிளேஸ்', 1892 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை. இதன் முடிச்சை முழுசாக அவிழ்க்கப் போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: டார்ட்மூர் வரைபடம், குதிரை லாயம்]

இங்கிலாந்தில் டார்ட்மூர் பக்கம் ஒரு லாயத்திலிருந்து பந்தயக் குதிரை காணாமல் போகிறது, அதன் பயிற்சியாளர் ஸ்ட்ரேக்கர் வெட்டவெளியில் மண்டை உடைந்து செத்துக்கிடக்கிறார். காவலுக்கு இருந்த பையனின் இரவுச் சாப்பாட்டில் அபின் கலந்திருக்கிறது. முன்னிரவில் லாயத்துப் பக்கம் பந்தயத் தகவல் விசாரித்துக்கொண்டு சுற்றிய சிம்ப்சன் என்ற ஆளைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும்.

அந்தச் சாப்பாடு என்ன தெரியுமா? மசாலா போட்ட ஆட்டுக்கறி. ரயிலில் போகும்போதே ஹோம்ஸ் இதைத் தன் நண்பர் வாட்சனிடம் சொல்லிவிடுகிறார், நாமும் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஆனால் அபினுக்கு ஒரு வாடை, ஒரு ருசி உண்டு, சாதாரணச் சாப்பாட்டில் போட்டால் பையன் ஒரு வாயிலேயே தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். கறிமசாலாவில் போட்டால்தான் தெரியாது. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன சமைக்கவேண்டும் என்று வெளியாள் சிம்ப்சனால் முடிவுசெய்ய முடியுமா? முடியாது. வீட்டு ஆட்களால்தான் முடியும். மசாலா வாசனை தெரிந்த நம்மூர் வாசகருக்கு இது பளிச்சென்று உறைத்திருக்க வேண்டிய துப்பு, ஆனாலும் முதல் வாசிப்பில் நான் பார்த்தவரை யாருக்கும் உறைப்பதில்லை.

அப்புறம் நாய். ராத்திரி யாரோ வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், லாயத்தில் நாய் இருக்கிறது, மேலே பரணில் படுத்திருந்த இரண்டு பையன்களும் எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் நாய் குரைக்கவில்லை, வந்தவர் அதற்கு நன்றாகப் பழகியவர். இதோடு இன்னொன்று, மந்தையில் மூன்று ஆடுகள் திடீரென்று நொண்டுகின்றன என்று ஒரு வேலைக்காரப் பையன் போகிற போக்கில் சொல்கிறான். ஸ்ட்ரேக்கரின் சட்டைப்பையில் விலையுயர்ந்த ஒரு பட்டுடைக்கான பில், வேறொரு பெயரில். கையில் கண் அறுவைக்குப் பயன்படுத்துகிற மெல்லிய கத்தி. எல்லாவற்றையும் சேர்த்தால் விடை வந்துவிடும்: இன்னொரு பெண்ணுக்குச் செலவழித்துக் கடன்பட்ட பயிற்சியாளரே, குதிரையைத் தோற்கவைத்துப் பணம் பார்க்க, அதன் கால் தசைநாணைக் கீறி லேசாக நொண்டவைக்கப் பார்த்தார், ஆடுகளிடம் பழகிப் பார்த்தார், குதிரை மிரண்டு உதைத்ததில் செத்தார்.

இப்போது சொல்லுங்கள், டாயில் நம்மிடம் எதையாவது மறைத்தாரா? கறி, நாய், ஆடு, பில், கத்தி, எல்லாம் நமக்கும் ஹோம்ஸுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காட்டப்பட்டவை. இதைத்தான் இரண்டாம் வாசிப்பு என்கிறேன். துப்பறியும் கதைக்கு விமர்சனம் எழுதுமுன் முடிவு தெரிந்த கண்ணோடு இன்னொருமுறை புரட்டியே ஆகவேண்டும், குறைந்தபட்சம் முதல் மூன்று அத்தியாயங்களையாவது. முதல் வாசிப்பில் கிடைப்பது அதிர்ச்சி, அதை மட்டும் வைத்து எழுதினால் அந்த அதிர்ச்சி எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லவே முடியாது.

இந்தக் கதையிலும் ஓட்டை உண்டு. குதிரைப் பந்தய விதிகள் தனக்குச் சுத்தமாகத் தெரியாது, கதையில் வருகிறவர்கள் செய்ததை நிஜத்தில் செய்திருந்தால் பாதிப் பேர் சிறைக்குப் போயிருப்பார்கள் என்று டாயிலே பின்னாளில் தன் வாழ்க்கை நினைவுகளில் ஒத்துக்கொண்டார். அதே 1892இல் வந்த இன்னொரு ஹோம்ஸ் கதையான 'ஸ்பெக்கிள்டு பேண்ட்'டில் கொலைக்கு ஏவப்படுகிற பாம்பு கிண்ணத்துப் பாலுக்கு ஆசைப்படுகிறது, விசில் சத்தம் கேட்டுக் கயிற்றில் ஏறித் திரும்பிப் போகிறது. நிஜப் பாம்பு இப்படியெல்லாம் செய்யாது. ஆனால் தரையில் அறைந்துவைத்த கட்டில், மணியே அடிக்காத மணிக்கயிறு, பக்கத்து அறைக்குத் திறக்கிற காற்றுத் துவாரம் என்று துப்புகள் அத்தனையும் நேர்மையாக நம் முன்னால் இருக்கின்றன. தகவல் பிழை வேறு, போங்காட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரே அடியாக அடிக்கிற விமர்சனங்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

[திரையில்: 1929, 1930]

இந்த நேர்மை விஷயத்தைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் பத்துக் கட்டளைகள் போட்டார், அமானுஷ்யம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிபவர் தான் கண்டதை உடனே வாசகருக்குக் காட்டவேண்டும், இப்படி. 1930இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியபோது செஸ்டர்டன் முதல் தலைவர், அகதா கிறிஸ்டியும் டோரதி சேயர்ஸும் உறுப்பினர்கள், முக்கியமான துப்பை வாசகரிடமிருந்து மறைக்கமாட்டேன் என்று எரிக் என்று பெயரிட்ட ஒரு மண்டையோட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 1926இல், கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட்' நாவல் வந்து பெரிய சண்டையே நடந்தது. ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள், எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் வேலை என்ற கட்சியில் சேயர்ஸ் நின்றார். நான் சேயர்ஸ் கட்சி. முடிவைச் சொல்லமாட்டேன், இரண்டாம் முறை படியுங்கள், அந்த நாவலில் ஒரு பொய்கூட இல்லை. 2013இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தி, இதுவரை வந்ததிலேயே சிறந்த குற்றநாவல் இதுதான் என்று தேர்ந்தெடுத்தது.

சரி, முடிவைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவது எப்படி? குற்றம் நடக்கிற இடம் வரைக்கும், விசாரணை தொடங்குகிற வரைக்கும் தாராளமாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற ஒவ்வொரு பாராட்டும் ஆபத்து. "கடைசியில் ஒரு பயங்கர ட்விஸ்ட் இருக்கு" என்பதே ஸ்பாய்லர்தான், வாசகர் அந்த நிமிடத்திலிருந்து கதையை விட்டுவிட்டு ட்விஸ்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதைவிட மோசம், "இது அக்ராய்ட் மாதிரி" என்று ஒப்பிடுவது. ஒரே வரியில் இரண்டு நாவலையும் கெடுத்துவிட்டீர்கள்.

இன்றைய நாவல்களுக்கு வந்தால் இன்னொரு சிக்கல், எல்லாவற்றையும் ஒரே தராசில் போடமுடியாது. ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' 1958இல் புத்தகமாக வந்தது. டோக்கியோ ஸ்டேஷனில் பதின்மூன்றாம் நடைமேடையில் நிற்பவருக்குப் பதினைந்தாம் நடைமேடை தெரியும் நேரம் மாலையில் வெறும் நாலே நிமிஷம், இடையில் எப்போதும் ஏதாவது ரயில் மறைத்துக்கொண்டிருக்கும். அந்த நாலு நிமிஷத்தில் ஆரம்பித்து அரசு இலாகாவின் ஊழலில் போய் முட்டுகிற கதை அது, யார் கொன்றார் என்பதைவிட ஏன், எந்தச் சமூகத்தில் என்பதுதான் அதற்கு முக்கியம். 1987இல் யூகிட்டோ அயட்சூஜி எழுதிய 'டெக்ககன் ஹவுஸ் மர்டர்ஸ்' இதற்கு நேர் எதிர், அதன் தொடக்கத்திலேயே ஒரு பாத்திரம், ஊழல் லஞ்சக் கதையெல்லாம் போதும், எனக்கு மூளைக்கு வேலை வேண்டும் என்று வாதாடுகிறது. கல்லூரி மாணவர்கள் எல்லரி, கார், அகதா என்று புகழ்பெற்ற துப்பறியும் எழுத்தாளர்களின் பெயர்களைப் பட்டப்பெயர்களாக வைத்துக்கொண்டு ஒரு தீவுக்குப் போகிறார்கள். பாத்திரங்களில் ஆழமில்லை என்று இதைக் குறை சொல்கிறார்கள், எனக்கு அது தவறான குறையாகப் படுகிறது. புதிராக விளையாடக் கூப்பிட்ட கதையிடம் புதிர் சரியாக இருந்ததா என்று கேளுங்கள்.

கெய்கோ ஹிகாஷினோவின் 'டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இரண்டையும் கலந்தது. 2005இல் வெளிவந்து, ஜப்பானின் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்றான நவோக்கி பரிசு வாங்கிய நாவல். கொலை ஆரம்பத்திலேயே நம் கண்ணெதிரில் நடக்கிறது, யார் செய்தது என்று தெரியும், அதை மறைக்கிற கணக்கு ஆசிரியரும் யாரென்று தெரியும். அப்புறம் என்ன புதிர் என்று தோன்றும். வாசகருக்குப் போதுமான துப்பு தரப்பட்டதா, இதை முறையான புதிர்க்கதை என்று சொல்லலாமா என்று ஜப்பானிய விமர்சகர்களே காரசாரமாக அடித்துக்கொண்டார்கள். என் தீர்ப்பு, தரப்பட்டிருக்கிறது. முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய் நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று, முடிவை வெளியே சொல்லாமல், கீழே எழுதுங்கள்.