தூக்குவது ஜாக்கி, தாங்குவது?

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடந்து போனால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில், காருக்கு அடியில் இருந்து இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஸ்பேனர் செட், கரி படிந்த ஒரு பழைய துணி, ஆறிப்போன டீ. அந்தக் கால்களைப் பார்த்தால் எனக்கு ஒரே கேள்விதான். மேலே இருக்கிற வண்டியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

சொந்த வண்டிக்குச் சொந்தக் கையால் வேலை பார்ப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியே தலை நரைத்தவன் நான். டயரை இடம் மாற்றிப் போடலாம், பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு காலத்தில் நம் வாசலில் நின்றது மாருதி 800. அதன் எடை சுமார் 650 கிலோ. இன்றைக்கு அதே வாசலில் ஃபார்ச்சூனர் நிற்கிறது, ஸ்கார்ப்பியோ நிற்கிறது. ஃபார்ச்சூனர் ஆள் ஏறாமலே சுமார் 2 டன். வண்டி மாறிவிட்டது, நம் கைப்பழக்கம் மட்டும் மாருதியிலேயே நிற்கிறது.

வண்டியோடு கொடுக்கிறார்களே ஒரு ஜாக்கி, அது நடுரோட்டில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதற்கு. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அடியில் படுக்காதே என்று வண்டியின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கும். அந்தக் கையேடு பெரும்பாலான வீடுகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் டேஷ்போர்டுக்குள் தூங்குகிறது, அது வேறு விஷயம்.

ஜாக்கியின் வேலை தூக்குவது. தாங்குவது அதன் வேலை இல்லை. இன்றைக்கு இதை நான் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் கற்ற பட்டறை கோயம்புத்தூரில், பொள்ளாச்சி ரோட்டில் இருந்தது. அங்கே ஒரு மேஸ்திரி. படிப்பு அதிகம் கிடையாது, ஆனால் அவர் பாடம் நடத்தினால் மறக்காது. புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். ஜீப்பைப் பாட்டில் மாதிரி இருக்கிற எண்ணெய் ஜாக்கியில் தூக்கிவிட்டு, வண்டியைத் தாங்குகிற இரும்புக் கால், அதுதான் ஸ்டாண்டு, அதை வைக்காமலே அடியில் நுழையப் போனான். மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஜாக்கி நிக்கும்னு நம்பறயா கண்ணு?" என்று கேட்டார். "நிக்கும்ங்ணா, புது ஜாக்கி" என்றான் பையன். சரி என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பட்டறை மூடும்போது அதே ஜாக்கியை அந்த ஜீப்பின் முன்பக்கம் போட்டு நன்றாக உயர்த்தினார். சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை நிறுத்தினார். மேலே ஒரு விரல்கூட நுழையாது, அவ்வளவுதான் இடைவெளி. பையனையே ஷட்டரைப் பூட்டச் சொல்லி, சாவியையும் அவன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் பையன்தான் ஷட்டரைத் தூக்கினான். டின் வயிறு ஒட்டிப்போய் நசுங்கிக் கிடந்தது. ஜாக்கி உடையவில்லை, சரியவில்லை, நேராகத்தான் நின்றது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. மேஸ்திரி சொன்னது ஒன்றுதான்: "ஜாக்கியும் ராத்திரி தூங்கும்டா கண்ணு."

ஏன் இறங்கியது? பாட்டில் ஜாக்கியோ, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியோ, உள்ளே வண்டியைத் தூக்கி நிறுத்துவது அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய். அந்த எண்ணெயைத் தடுத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும், ஒரு சின்ன வால்வும். வால்வில் மணல் துகள் அளவுக்கு அழுக்கு உட்கார்ந்தால் போதும், எண்ணெய் மெல்லத் திரும்பிப் போகும். அந்தப் பையன் வண்டியில் நடந்தது நிதானமாக நடந்தது. சீல் கிழிந்தால் நிதானமெல்லாம் இருக்காது. இரும்பு ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு.

ஸ்டாண்டிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைக்காதீர்கள். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற கடைத்தொடர், பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல் சரியாகக் கவ்வாமல் திடீரென்று இறங்கிவிடலாம் என்பது குறை. பிறகு அதற்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை இருந்து, அவற்றையும் திரும்ப வாங்கினார்கள். ஆகவே பல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல்லோடு கூடக் குறுக்கே இரும்பு ஊசி போடுகிற மாதிரி கிடைத்தால் அதை வாங்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் படியுங்கள்.

ஸ்டாண்டு இல்லையே, செங்கல் அடுக்கினால் ஆகாதா? ஹாலோ பிளாக்? "அது வீட்டையே தாங்குதே சார்" என்பார்கள். வீட்டில் கலவை போட்டுச் சுவர் நெடுக பாரம் பரவுகிறது. இங்கே ஒரு கையகல இடத்தில் அரை டன்னுக்கு மேல் இறங்குகிறது. செங்கல் முன்கூட்டி ஒன்றும் சொல்லாது, பொசுக்கென்று பிளந்துவிடும். கனமான மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் அது தாங்கும், விட்டுக்கொடுப்பதற்கு முன் முனகவாவது செய்யும். ஹாலோ பிளாக்கை மட்டும் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது தரை. நம் ஊர் வீடுகளில் கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு அடியில் என்ன இருக்கிறது? பாதி வீடுகளில் தண்ணீர்த் தொட்டி, இல்லையென்றால் செப்டிக் டேங்க். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது பாரம் நான்காகப் பிரிகிறது. ஜாக்கி போட்டால் ஒரு மூலையின் பாரம் முழுவதும் ஒரு சின்ன இரும்புத் தகடு வழியாக அந்தத் தொட்டியின் மேல்மூடியில் இறங்குகிறது. தொட்டி எங்கே முடிகிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு, அதைத் தாண்டி வண்டியை நிறுத்துங்கள். மழைநீர் வெளியே ஓட, போர்ட்டிகோவைக் கேட் பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பந்தை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். மண் தரை என்றால், மழை பெய்து இரண்டு நாள் ஆகும்வரை வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

சரிவு என்றதும் ஹேண்ட் பிரேக் நினைவுக்கு வரும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டால், அது காற்றில் தொங்குகிற சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தரையில் இருக்கிற முன் சக்கரங்கள் உருளச் சுதந்திரம். சரி, ஆட்டோமேட்டிக் வண்டி, கியரை 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், போட்டிருக்கிறேன் என்கிறீர்களா? பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வழியாக அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். ஹேண்ட் பிரேக் போடாமல் 'பி'யை மட்டும் நம்பினால் வண்டி நகர்ந்துவிடும். எனவே தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அணை கொடுங்கள். தூக்குகிற சக்கரத்தைப் பற்றியே எல்லாரும் யோசிக்கிறோம், தூக்காத சக்கரத்தில்தான் ஆபத்து.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கியபின் ஸ்பேனரில் ஏறி மிதிக்கக்கூடாது. கழற்றிய சக்கரத்தைச் சேஸ் ஓரமாக அடியில் படுக்கப் போடுங்கள், எல்லாமே ஏமாற்றினாலும் அதன் மேல் விழும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியை இரண்டு கையாலும் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே ஆடட்டும். சாவி உங்கள் பையில் இருக்கட்டும், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

எங்கே ஜாக்கி வைப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துத் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், டின் கதையிலேயே நேரம் போய்விட்டது. சுருக்கமாக: ஸ்கார்ப்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா இவற்றுக்கெல்லாம் அடியில் இரும்புச் சட்டம் உண்டு, அதில் வைக்கலாம். ஹாரியர், எக்ஸ்யூவி 700, இன்னோவா ஹைகிராஸ் இவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, கையேடு காட்டும் இடத்தில் மட்டும்தான். சஃபாரிக்காரர்கள் கவனியுங்கள், 1998இல் வந்த சஃபாரிக்குச் சட்டம் உண்டு, 2021இல் வந்ததற்கு இல்லை. எந்த வண்டியிலும் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டில், அதாவது ஆயில் சம்ப்பில், மட்டும் வைத்துவிடாதீர்கள்.

டிராலி ஜாக்கியின் தூக்கும் கை மேலே போகும்போது வளைவாகப் போகும், அதனால் அதன் சக்கரங்கள் உருள இடம் வேண்டும். இறக்கும்போது வால்வை நூல் அளவு திறந்தால் போதும். நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள், கடைசி முறுக்கு சக்கரம் தரையைத் தொட்ட பிறகு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு தரம் ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். தம்பி ஒரு விரலுக்கு வந்துவிட்டார். வணக்கம்.