பொட்டி பொட்டியா கலர் அடிக்காதீங்க: டயகிராம்ல டிஃபால்ட் தோற்றம் செட் பண்றது எப்படி

வணக்கம், காரைக்குடிலேர்ந்து பேசுறேன். டயகிராம் போடுற சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு பொட்டியும் புதுசா வரும்போதே நமக்கு வேணுங்குற கலர்ல, நமக்கு வேணுங்குற எழுத்துல வர்ற மாதிரி செட் பண்றது எப்படின்னு இன்னைக்கு பாப்போம்.

(திரையில: நாலு பொட்டி உள்ள ஒரு கிளாஸ் டயகிராம், எல்லாம் ஒரே கலர்)

ஆத்தங்குடில தரைக்குப் போடுற பூக்கல்லு செய்யுற பட்டறை ஒண்ணுக்கு ஆர்டர் சாஃப்ட்வேர் பண்றோம்னு வச்சுக்குங்க. ஆர்டர், டீலர், டிசைன், அச்சுன்னு ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பொட்டி, இந்தப் பொட்டியத்தான் கிளாஸ்னு சொல்லுவாங்க. இப்ப நாலுதான் இருக்கு, ஆனா டெலிவரி, பில்லு, கலர் பொடி ஸ்டாக், வேலையாள் கூலின்னு சேரச் சேர நாப்பது அம்பது பொட்டி ஆயிரும், அப்ப எல்லாம் ஒரே கலர்ல இருந்தா எது என்னன்னு கண்ணுல படாது. உடனே நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா ஒவ்வொரு பொட்டியா ரைட் கிளிக் பண்ணி கலர் மாத்திக்கிட்டே போவாங்க. அது வேணாம். கலர்ங்கிறது அந்த ஒரு பொட்டிக்கு உள்ளது இல்ல, அந்த வகைக்கு உள்ளது. வகைக்கு ஒரு தடவை சொல்லி வைங்க, பொட்டியெல்லாம் தானா வந்து நிக்கும்.

கல்லு போடுறதப் பாத்திருப்பீங்க, கண்ணாடி மேல அச்ச வச்சு ஒவ்வொரு அறையிலயும் கலர் சிமெண்ட் ஊத்துவாங்க. பூவோட வளைவ மாத்தணும்னா அச்சத்தான் மாத்துவாங்க, காஞ்ச கல்ல ஒவ்வொண்ணா எடுத்து சொரண்ட மாட்டாங்கல்ல, இங்கயும் அதேதான்.

எந்த வகைக்கு எந்த கலர்? யூஎம்எல்ல, அதாவது சாஃப்ட்வேர் டயகிராம் போடுறதுக்குன்னு இருக்குற பொது முறைல, கலருக்கு அர்த்தம்னு எதுவும் கிடையாது, நம்மளே முடிவு பண்ணிக்க வேண்டியதுதான். எனக்கு புடிச்ச முறை பீட்டர் கோட்னு ஒரு சாஃப்ட்வேர் வடிவமைப்பு நிபுணர் 1990-கள் கடைசில சொன்னது, நாலே கலரு. ஒரு நேரத்துல நடக்குற விஷயம் ரோஸ், நம்ம கணக்குல ஆர்டர், டெலிவரி. ஒருத்தர் எடுத்துக்குற வேஷம் மஞ்சள், அதாவது டீலர். கேட்டலாக் மாதிரி திரும்பத் திரும்ப வர்ற விவரம் நீலம், டிசைன் அங்க போகும். ஆளு, இடம், பொருள் எல்லாம் பச்சை, அச்சு பச்சை, பட்டறையும் பச்சை. இதுல பெரிய வசதி என்னன்னா டயகிராமத் தூரத்துலேர்ந்து பாத்தாலே ரோஸ் பொட்டி எங்க இருக்குன்னு தெரியும், தொழில் நடக்குறதே அந்த ரோஸ்லதான, அதத் தொட்டுப் புடிச்சே மொத்தத்தையும் படிச்சிரலாம்.

(திரையில: என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், ஆர்டர் பொட்டி செலக்ட் ஆயிருக்கு)

இப்ப ஸ்பார்க்ஸ் கம்பெனியோட என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், இது டயகிராம் போடுற ஒரு சாஃப்ட்வேர். இதுல கலர் மாத்த பல மட்டம் இருக்கு, இந்த மட்டம் புரியாமதான் பல பேரு தடுமாறுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம்.

பொட்டிய செலக்ட் பண்ணி மேல இருக்குற பெயிண்ட் பட்டன்ல கலர் மாத்துனா அந்த ஒரு டயகிராம்ல மட்டும்தான் மாறும். அதே ஆர்டர் பொட்டி இன்னொரு டயகிராம்ல இருந்தா அங்க பழைய கலரே நிக்கும். எஃப்4 அழுத்துனா டிஃபால்ட் அப்பியரன்ஸ்னு ஒரு ஜன்னல் வரும், பேக்கிரவுண்டு, பார்டர், எழுத்து கலர், கோட்டோட தடிமன் எல்லாம் அங்க இருக்கு. அங்க மாத்துனா அந்த பொட்டி எந்த டயகிராம்ல இருந்தாலும் மாறும். சரி, எஃப்4 அழுத்தி மாத்தியாச்சு, ஆனா ஒரு டயகிராம்ல மட்டும் மாறவே மாட்டேங்குதுன்னா யாரோ அந்த டயகிராம்ல முன்னாடியே பெயிண்ட் பட்டனத் தொட்டிருக்காங்கன்னு அர்த்தம், ஏன்னா டயகிராம்ல தனியா வச்ச கலர்தான் ஜெயிக்கும். அந்த கலரத் திரும்ப டிஃபால்ட்டுக்கு கொண்டு வந்தா சரியாயிரும்.

ஆனா எஃப்4 கூட ஒரு பொட்டிக்குத்தான. வகைக்கு வைக்கணும்னா ஸ்டீரியோடைப், அதாவது பொட்டி என்ன வகைன்னு சொல்ல அதுக்கு நம்ம ஒட்டுற பேரு. ரெஃபரன்ஸ் டேட்டா பக்கத்துல யூஎம்எல் டைப்ஸ்னு இருக்கும், வெர்ஷனுக்கு வெர்ஷன் மெனு இடம் மாறும், தேடிப் பாருங்க. அங்க «நிகழ்வு»ன்னு ஒரு ஸ்டீரியோடைப் உண்டாக்கி, கிளாஸுக்குன்னு சொல்லி, ரோஸ் கலர் குடுத்துருங்க. அப்புறம் எந்த கிளாஸுக்கு «நிகழ்வு»ன்னு போட்டாலும் ரோஸாயிரும். தனியா எஃப்4 போட்டு கலர் வச்ச பொட்டி மட்டும் இதுக்கு அசையாது, அதனாலதான் முதல்லயே பொட்டி பொட்டியா கலர் அடிக்காதீங்கன்னேன்.

பிரிஃபரன்ஸஸ்ல போயி மொத்தமா கலர் மாத்துற வழியும் இருக்கு, ஆனா அது உங்க மெஷினுக்கு மட்டும். நீங்க தேவகோட்டைல உக்காந்து பச்சையா பாப்பீங்க, சென்னைல உங்க டீம் ஆளு வேற கலர்ல பாப்பாரு. ஸ்டீரியோடைப் கலர் மாடலோடயே இருக்குறதால அந்தப் பிரச்சினை கிடையாது. டீம்னு வந்துட்டா அதுதான் என்னோட சிபாரிசு.

(திரையில: ட்ரா டாட் ஐஓ)

காசு இல்லாம வேணும்னா ட்ரா டாட் ஐஓன்னு இன்னொரு டயகிராம் சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு பொட்டிய வேணுங்குற மாதிரி ஆக்கிட்டு, செலக்ட் பண்ணியபடியே வலது பக்கம் ஸ்டைல் டேப்ல செட் ஆஸ் டிஃபால்ட் ஸ்டைல், இல்லன்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் டி. இனிமே வர்ற பொட்டிங்க அப்படி வரும், ஏற்கனவே போட்டதெல்லாம் அப்படியேதான் இருக்கும். அதுங்களுக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் சி அடிச்சு ஸ்டைலக் காப்பி பண்ணி, மத்த பொட்டியெல்லாம் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஷிஃப்ட் வி.

இதுல ஒரு குறை, பொட்டிக்கு ஒரு டிஃபால்ட், கோட்டுக்கு ஒரு டிஃபால்ட், அவ்வளவுதான், வகை வகையா வைக்க முடியாது. அதனால நாலு கலர்ல நாலு பொட்டி பண்ணி இடது பக்கம் இருக்குற ஸ்கிராட்ச்பேடுங்குற இடத்துல இழுத்துப் போட்டு வச்சுக்குங்க, வேணுங்குறப்ப அங்கேர்ந்து எடுங்க. டீமுக்குன்னா ஃபைல் மெனுவுல நியூ லைப்ரரி போட்டு அந்த நாலையும் சேத்து அனுப்பிருங்க.

டயகிராம வரையாம எழுத்தாவே எழுதுற பிளான்ட்யூஎம்எல்ல எழுதுறவங்களுக்கு இன்னும் சுளுவு, ஸ்டீரியோடைப் வாரியா தோற்றத்தச் சொல்ற ஸ்கின்பாரம் வரியெல்லாம் ஒரு தனி ஃபைல்ல எழுதி ஒவ்வொரு டயகிராம்லயும் இன்க்லூட் பண்ணிட்டா போதும்.

எழுத்த மறந்துராதீங்க. பொட்டிக்குள்ள தமிழ்ல பேர் வைக்குறவங்க டிஃபால்ட் ஃபான்டாவே நிர்மலா யூஐ, இல்ல நோட்டோ சான்ஸ் தமிழ் வச்சிருங்க, இல்லன்னா பிடிஎஃப் எடுக்குறப்ப எழுத்துக்குப் பதிலா வெறும் கட்டமா வந்து நிக்க வாய்ப்பிருக்கு. கலரும் வெளிறுனதாவே எடுங்க. ஆத்தங்குடி செவப்பு தரைக்கு அவ்வளவு அழகு, ஆனா அதுமேல கருப்பு எழுத்து படிக்க முடியாது.

பட்டறை அண்ணனுக்கு டயகிராமக் காட்டப் போறப்ப கருப்பு வெள்ளைலதான் ஜெராக்ஸ் எடுப்பீங்க, அப்ப ரோஸும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால ஸ்டீரியோடைப் பேரு பொட்டிக்குள்ள தெரியுற மாதிரியே விடுங்க, மறைக்காதீங்க, அதோட கீழ ஓரத்துல எந்த கலர் எந்த வகைன்னு நாலு சின்ன கட்டம் போட்டு எழுதிருங்க. அடுத்த வீடியோல இதே மாடல்ல கோடுங்களுக்கு, அம்புக்குறிக்கு டிஃபால்ட் வைக்குறதப் பாப்போம்.