பீட்டில்ஸ் பாடல்களில் நெஞ்சில் நிற்பவை தொடக்கக்காலப் பாடல்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வர் கொண்ட இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸ். அவர்களின் பாடல்களில் நெஞ்சில் நிற்பவை தொடக்கக்காலப் பாடல்களா, பிற்காலப் பாடல்களா என்பதே இன்றைய வழக்கு.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பீட்டில்ஸின் முதல் இசைத்தொகுப்பான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யை அவசரத்துக்குக் கிண்டிய உப்புமா என்றும், 1967இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொகுப்பு 700 மணி நேரம் சமைத்த விருந்து என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அந்த உப்புமா தயாரான நாளைச் சற்று விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்.

1963 பிப்ரவரி 11. லண்டன் அபே ரோட்டில் உள்ள ஒலிப்பதிவுக்கூடம். தொகுப்பின் 14 பாடல்களில் 10 பாடல்களை அன்று ஒரே நாளில் பாடி முடித்தார்கள். ஜான் லெனனுக்குக் கடும் சளி. மதியம் ஒலிப்பதிவாளர்கள் சாப்பிடப் போனார்கள். நால்வரும் போகவில்லை, பாலைக் குடித்துவிட்டு அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள். தொண்டை மாத்திரையைச் சப்பிச் சப்பியே லெனன் பொழுதை ஓட்டினார். ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ தொண்டையைக் கிழித்துவிடும் என்று அறிந்திருந்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், அதை இரவில் கடைசிப் பாட்டாக வைத்தார். லெனன் ஒரே மூச்சில் பாடி முடித்தார். இன்னொரு முறை முயன்றபோது குரலே எழவில்லை. முதல் முறை பாடியதுதான் இன்றும் நாம் கேட்பது. அந்தப் பாட்டு அவர்கள் எழுதியதன்று. ஆனால் அந்தத் தொண்டை, அந்தக் கரகரப்பு, யாரிடமும் கடன் வாங்கியதன்று.

இதுவா அவசரம்? 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ‘இந்திரா’ மன்றத்தில் வார நாள்களில் நாலரை மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் நின்று பாடியவர்கள், லிவர்பூலின் ‘கேவர்ன்’ நிலவறையில் நண்பகலிலும் இரவிலும் வியர்வை சொட்ட வாசித்தவர்கள் இந்தக் குழுவினர். அந்த உழைப்பை எதிரணியினர் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

‘சார்ஜென்ட் பெப்பர்’ பெரிய படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பின்னாளில் ஒருவர் வாசித்த பகுதியின் மேல் மற்றவர் வந்து சேர்த்துவிட்டுப் போகும் நிலை வந்தது. 1968இல் ரிங்கோ ஸ்டார் மனம் வெறுத்துக் குழுவை விட்டே சில நாள் விலகிப் போனார். 1963இல் நால்வரும் ஒரே அறையில், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பாடினார்கள்.

நடுவர் அவர்களே, 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சவில் ரோ தெருவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், குளிர்காற்றில், அவர்கள் கடைசியாக மக்கள் காதுபட வாசித்தபோது எந்தப் பாட்டை எடுத்து வந்தார்கள் தெரியுமா? ஜானும் பாலும் புகழறியாப் பையன்களாக எழுதிய ‘ஒன் ஆஃப்டர் 909’ அவற்றுள் ஒன்று. அதைப் பாடும்போது அவர்கள் முகம் மலர்வதைப் படச்சுருளில் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கே அந்த ஏக்கம் இருந்திருக்கிறது, ஐயா! லெனன் 1980இலும் ஹாரிசன் 2001இலும் போய்விட்டார்கள். ஆனால் அந்த முதல் தொகுப்பைப் பாடிய 1963 பிப்ரவரி நாளில் ஹாரிசனுக்கு இன்னும் இருபது வயதுகூட நிறையவில்லை. அந்தத் தொகுப்பில் பால் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று எண்ணித் தொடங்கியதும் நால்வரும் சேர்ந்தே பாய்கிறார்கள். அந்த நால்வருக்காகத் தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி.